பாயம்மா வண்டியின் ஐந்து டயர்கள்

என் கல்யாணத்தன்றே எனக்கு அவள் மேல் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. தாலி ஏறி ஒரு வாய்ச் சோறுதான் உள்ளே போயிருந்தது.

ஊரில் அவளைப் பாயம்மா என்பார்கள். சொந்தப் பேர் என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவும் இல்லை. எல்லோரும் ‘அவங்க’ என்று மரியாதையாகத்தான் பேசுவார்கள். நான் மட்டும் மனசுக்குள் ‘அவள்’ என்பேன். இப்போதும் அப்படித்தான் எழுதப் போகிறேன். பழவேற்காட்டில் பள்ளிவாசலுக்குப் பின்னால் காரை பெயர்ந்த பழைய வீடு அவளுடையது. ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு அனுப்பிய குடும்பமாம். கப்பலும் போய், சரக்கும் போய், புருஷனும் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு கறுப்பு அம்பாசிடர் கார். அதை வாடகைக்கு விட்டுத்தான் அவள் ஜீவனம் நடந்தது. அதை ஓட்டியது என் வீட்டுக்காரர்.

தன் டிரைவருக்குக் கல்யாணம் என்று அன்றைக்கு வண்டியை வாடகை இல்லாமல் அனுப்பியிருந்தாள். பொன்னேரியிலிருந்து வேறொரு டிரைவரை வரவழைத்து, தானும் கூடவே வந்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது சும்மா கிடைக்கிற கார் சவாரி ஆயிற்றே, என் அத்தை, அத்தை பிள்ளைகள், பெரிய மாமா, அவர் சம்சாரம் என்று ஏறிக்கொண்டே போனார்கள். வண்டி கொஞ்சம் நகர்ந்தது. முன் சீட்டிலிருந்து பாயம்மா, “நிறுத்துப்பா” என்றாள். வெள்ளைச் சேலைத் தலைப்பைத் தலையில் சரி செய்துகொண்டு இறங்கிப் பின்சக்கரத்தண்டை போய்க் குனிந்து பார்த்தாள்.

“எல்லாரும் எறங்குங்க” என்றாள்.

பெரிய மாமா தலையை வெளியே நீட்டினார். “இன்னாம்மா இது, கல்யாண வண்டில போயி…”

“கல்யாணம்னு டயருக்குத் தெரியாது. அதால இன்னா பாரம் தாங்க முடியுமோ அதான் ஏத்துவேன். எறங்குங்க.”

அதுவரை பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த என் புதுப் புருஷன், பட்டு வேட்டியும் மாலையுமாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். என் சேலைத் தலைப்பையும் அவர் துண்டையும் சேர்த்து முடிந்திருந்தார்கள். அவர் இறங்கியதும் நானும் இழுபட்டுக்கொண்டே போய் மணலில் நின்றேன். அவர் பின்சக்கரத்துப் பக்கத்தில் குந்தினார். நானும் குந்த வேண்டியதாயிற்று. ஊரே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. டயர் தரையில் படுகிற இடத்தைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

“பாரு பொண்ணே. ஒரு டயரு தரைய தொடுறது ஒரு உள்ளங்கை அகலம். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. அத்தினி பேரு உசுரும் அது மேல குந்திக்கினுதான் போவுது.”

என் வீட்டுக்காரர் மந்திரம் கேட்கிற மாதிரி தலையாட்டினார். ஐயர் மந்திரம் சொன்னபோதுகூட அவர் அப்படிக் கேட்கவில்லை. மாமாவும் மற்றவர்களும் வெயிலில் மணலில் நடந்தே வந்தார்கள். மாமா வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தாராம். பிற்பாடு அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டயர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். இன்ஜின் எப்படிப் போனாலும் மெக்கானிக் பாடு என்று விட்டுவிடுவாள். டயரை மட்டும் யார் வாய் வார்த்தைக்கும் விட மாட்டாள், தன் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று. காலைத் தொழுகை முடிந்ததும், வெயில் விழுவதற்கு முன், கேஜை வைத்துக் காற்று அளப்பாள். வண்டி ஓடி வந்த சூட்டிலோ வெயிலிலோ அளந்தால் கணக்கு ஏறித்தான் காட்டுமாம், அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் டயர் சோர்ந்து கிடக்குமாம். பிறகு ஒரு தீக்குச்சியை எடுத்து டயர் பட்டன்களுக்கு, அந்த ரப்பர் மேடுகளுக்கு, நடுவில் இருக்கிற பள்ளத்தில் மருந்துப் பக்கமாகச் செருகுவாள். மருந்து முழுக்க உள்ளே மறைந்தால் சரி. மருந்து வெளியே எட்டிப் பார்த்தால் “மொட்டையாவுது” என்று முகம் சுண்டிவிடும். ஆணியை வைத்துப் பட்டனுக்குள் சிக்கிய கல்லையெல்லாம் நெம்பி எடுக்க வேண்டும். ஏரித் தண்ணீர் தேங்கின ரோட்டில் போய்வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி சக்கரத்து இரும்பு டிஸ்க்கு, நட்டு எல்லாம் கழுவ வேண்டும், உப்பு தின்றுவிடும். நட்டு முடுக்கும்போது வட்டமாக அடுத்தடுத்து முடுக்கக் கூடாது, ஒன்றை முடுக்கினால் அதற்கு எதிரில் இருப்பதை முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக உட்காரும். சில மாதத்துக்கு ஒரு தரம் முன்னால் இருப்பது பின்னால் போகும், டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியும் முறை போட்டுக் கீழே வரும். “உக்காந்து துன்ற டயரு என் வண்டில கெடையாது” என்பாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதும், படுக்கும்போதும், தலை துவட்டும்போதும் இதைத்தான் பேசுவார். “பாயம்மா சொன்னாங்க” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவளுக்குப் புருஷன் பேசுகிற பேச்சா அது?

அவளுக்கு யார் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். புருஷன் லாரி வைத்திருந்தார் என்பார் ஒருவர். அப்பா பர்மாவில் பஸ் ஓட்டினார் என்பார் இன்னொருவர். அவளிடமே கேட்டால், “டயரு தெரியாதவங்கதான் காரணம் சொல்லணும்” என்று முடித்துவிடுவாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் திமிரைப் பற்றி என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அதைவிடப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் நான் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாய்யா, என் செருப்ப அப்படிப் பாக்கறே?”

“ரெண்டுலயும் வெளிப்பக்கமா தேஞ்சிக்கீது, மே. நீ காலக் கோணலா வெச்சு நடக்கற. டயரும் இப்படித்தான், ஒரு பக்கமா தேஞ்சா அலைன்மென்ட் போச்சுன்னு அர்த்தம். ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி.” என்னை அவர் ‘மே’ என்றுதான் கூப்பிடுவார்.

“இது யாரு சொன்னது?”

அவர் செருப்பை இன்னொரு தரம் திருப்பினார். யார் என்று சொல்லத் தேவையில்லை. வாழ வந்தவளின் செருப்பைப் பார்த்துக் கண்ட குறையும் அவள் சொல்லிக் கொடுத்த குறைதான். நான் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் குப்பத்துப் பக்கம் ரோட்டுக்கும் கரைக்கும் நடுவில் மணல். யாராவது நோயாளியை ஏற்ற வேண்டும் என்றால் வண்டி மணலில் இறங்கித்தான் வரும். இறங்குவதற்கு முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார்கள், அப்போதுதான் சக்கரம் புதையாது. திரும்பித் தார் ரோட்டில் ஏறியதும் பம்பை மிதித்துக் காற்றை ஏற்றினால்தான் போக விடுவாள். காற்றுக் குறைந்த டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் உள்ளே சூடேறி வெடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். நானும் என் நாத்தனாரும் இறால் தடவப் போகும்போது இதைப் பலதடவை பார்த்திருக்கிறேன். கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி, அதைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ரோட்டு ஓரத்தில் அவர் வியர்க்க வியர்க்கப் பம்பை மிதிப்பார். அவள் பக்கத்தில் குனிந்து கேஜைப் பார்த்து ஏதோ சொல்வாள். அவர் தலையை ஆட்டிச் சிரிப்பார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். வாயில் பறி, திட்டக்கூட வழியில்லை.

அவளுக்கு என் அம்மா வயசு இருக்கும். ஊரில் யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் அப்படி நினைத்ததில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இதற்கு யாரிடம் போய் நான் நியாயம் கேட்பது?

சரி, நாமும் டயரைக் கற்றுக்கொள்வோம் என்று ஒரு ரோஷம் வந்தது. என் தம்பி எளாவூர் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தான். பொங்கலுக்கு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்தேன். எட்டாவது வரை படித்தவள் நான், டயர் மேல் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருந்தேன். ஐந்து புள்ளி ஒன்பது பூஜ்யம், ஒரு கோடு, பதினைந்து, அப்புறம் ஆறு, பி.ஆர்.

“மொத நம்பரு டயரோட அகலம்க்கா” என்றான் தம்பி. “கோட்டுக்கு அப்பால கீற பதினஞ்சு உள்ள கீற இரும்பு டிஸ்க்கோட அளவு. ரெண்டும் இஞ்சு கணக்கு. பி.ஆர்.ன்றது பிளை. அந்தக் காலத்துல ரப்பருக்குள்ள பருத்தி நூலு துணிய அடுக்கடுக்கா வெப்பாங்களாம். எத்தினி அடுக்கோ அத்தினி பிளை. இப்ப நைலான் வந்துச்சா, கம்மி அடுக்கே அந்த பலத்தக் குடுக்குது. நம்பர மட்டும் பழைய கணக்குலயே போட்டுக்கிறாங்க. ஆறுன்னா ஆறு அடுக்கோட பலம்னு அர்த்தம், உள்ள ஆறு அடுக்கு இருக்கணும்னு இல்ல.”

எங்கள் ஊரில் நூல் வலை போய் நைலான் வலை வந்தது எனக்குத் தெரியாதா. உடனே விளங்கிவிட்டது. மறுநாள் அவருக்குச் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

“யோவ், ஆறு பிளைன்னு போட்டுக்கீற டயர அறுத்துப் பாத்தா உள்ள எத்தினி அடுக்கு இருக்கும்?”

“ஆறு.”

“கெடையாது” என்றேன். தம்பி சொன்னதை ஒன்று விடாமல், வலைக் கணக்கையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. “இது பாயம்மாவுக்கே தெரியாதே, மே” என்றார். பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்லப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். “ரொம்ப சந்தோசப்பட்டாங்க. ஒம் பொண்டாட்டி உன்னவிட சூட்டிகைன்னாங்க. பேரீச்சம்பழம் குடுத்தனுப்பிச்சாங்க.” நான் அதைத் தொடவில்லை. மறுநாள் யாரும் இல்லாதபோது ஒன்று எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

இந்தக் கதையில் என் அப்பாவும் ஒரு நாள் வந்து மாட்டிக்கொண்டார். என்னை அம்மா வீட்டில் விட வந்த வீட்டுக்காரர் வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டு நன்றாகத் தூங்கிவிட்டார். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். டயரின் பக்கவாட்டில் உப்புப் பூத்து, மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரில் படகு அப்படி வெளுத்துப் போனால் அடிவயிற்றில் சுறா எண்ணெய் பூசுவோம். மாப்பிள்ளை வண்டி ஆயிற்றே என்று, தன் படகுக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொண்டு வந்து தேங்காய் நாரில் தொட்டுத் தொட்டு நாலு டயருக்கும் பூசினார். டிக்கி திறந்திருந்ததால் ஸ்டெப்னிக்கும் பூசினார். டயரெல்லாம் கருகருவென்று மின்னியது. தெருவே வந்து பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் எழுந்து வந்து பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “எண்ண பட்டா ரப்பர் ஊதிப்பூடும், மாமா” என்று மட்டும் சொன்னார். அப்போது புது டயர் வேண்டுமென்றால் கடையில் பேரைச் சொல்லிவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றோடு வேலை போகும், இவர் எனக்கு மிச்சமாவார் என்று நினைத்தேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே நானும் வண்டியில் ஏறிக் கூடப் போனேன்.

அவள் டயரைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். “யாரு பண்ணது?”

“நான்தாம்மா” என்றார் இவர்.

“பொய் சொல்லாத. நீ பண்ண மாட்டே.” என்னைப் பார்த்தாள்.

“எங்க நைனா” என்றேன். “போட்டுக்குப் பூசற மாதிரி பூசிட்டாரு.”

அவள் கத்தவில்லை. வெந்நீர் வைத்து, சீயக்காய்த் தூள் கொண்டு வந்து, முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சக்கரங்களைக் கழற்றிப் போட்டு ஒன்றை அவள் தேய்த்தாள், ஒன்றை இவர் தேய்த்தார். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார்கள். நான் எரிந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். “சும்மா நிக்கிறியே, அந்த ஸ்டெப்னியத் தேயேன்” என்றாள். கோபத்தில் தேய்த்ததில் ஸ்டெப்னிதான் எல்லாவற்றையும்விடச் சுத்தமாக வந்தது.

பிறகு ஒரு நாள் அப்பாவைப் பார்க்கவே வந்தாள். “பெரியவரே, மரம் எண்ண குடிச்சா ஒறுதி. ரப்பரு எண்ண குடிச்சா சீக்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவளுக்கு நண்டு அனுப்ப ஆரம்பித்தார். பெற்ற மகளான எனக்கு அந்த அளவு நண்டு வந்ததில்லை.

எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் குடித்த ரப்பர் குடித்ததுதானே. கொஞ்ச நாளில் ஒரு டயரின் பக்கவாட்டில் புடைப்பு விழுந்தது. அதைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டார்கள். அப்புறம் இன்னொன்றிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது. மாற்ற வேறு டயர் இல்லை. வண்டியை வெளியே எடுக்கவே கூடாது என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டது. நடுப்பகல், பஸ் அப்போதுதான் போயிருந்தது. பாயம்மா வண்டியைக் கேட்டுவர எல்லோரும் என்னை அனுப்பினார்கள். ஓடினேன். அவள் வாசலில் நின்றிருந்தாள், இவர் வண்டியண்டை நின்றிருந்தார்.

“மெதுவா ஓட்டிக்கினு போலாம்ல?” என்றேன்.

“பாரம் ஏறினா அந்தப் பொடைப்பு எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது. வலில கீற பொண்ண நடுரோட்டுல எறக்கி வுடறதா? இந்த டயர்ல அனுப்ப மாட்டேன்.”

நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். “யோவ், நீ எடுய்யா வண்டிய.” அவர் அதைத் தொடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிசி மில் வேனைக் கேட்டுப் பார்க்கப் போனார். வேன் கிடைக்கவில்லை. கடைசியில் மாட்டு வண்டியில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த பஸ்ஸில் ஏற்றினார்கள். பொன்னேரி போவதற்கு முன்னாலேயே பஸ்ஸில் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்ததற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், அவளுக்கு இல்லை. ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது. நானும் சேர்ந்து கொட்டினேன், என் குரல்தான் பெரிசாக இருந்தது. அந்த டயர் பொன்னேரி வரை தாங்கியிருக்குமா, தாங்காதா என்று யாருக்கும் தெரியாது. அவள் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்கவும் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவரைக் கேட்டேன்.

“எனக்கு வலி வந்தாலும் இப்படித்தான் நிப்பியா?”

“உனக்குன்னா கேக்கவே வாணாம்” என்றார். “அந்த வண்டியத் தொடவே மாட்டேன்.”

அது என் மேல் இருந்த ஆசையில் சொன்னதா, அவள் பாடத்தை ஒப்பித்ததா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்தாரா என்பதும் சந்தேகம்தான்.

புது டயர்கள் வந்து வண்டி மறுபடி ஓட ஆரம்பித்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கு முட்டி வலி, குனிய முடியவில்லை. குனிய முடியாமலே குனிவாள். மெட்ராஸில் கட்டிக் கொடுத்த மகள் வந்து, இனி எங்களோடு வந்துவிடு என்று பிடிவாதம் பிடித்தாளாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறவர் இதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் முற்பகல் வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கினாள். “நட்டெல்லாம் சரியா கீதான்னு பாத்துக்கினு இரு” என்று அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். என் வீட்டுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பாய் விரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“நான் மெட்ராஸ் போறேன்மா. வண்டியும் வருது. உன் வூட்டுக்காரன அனுப்புவியா?”

“அவரக் கேட்டீங்களா?”

“அவன்கிட்ட கேட்டா வரேன்னுதான் சொல்லுவான். அதான் கேக்கல. உன்கிட்ட கேக்கறேன். நீயும் வா. பின்கட்டுல ரூம்பு கீது, தண்ணி கொழா கீது.”

அவள் வீட்டுப் பின்கட்டில், அவள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, காலையில் அவர் அவளோடு டயருக்குக் காற்று அளப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நான் இருக்க வேண்டும். அந்தக் காட்சி முழுசாக என் கண் முன்னால் வந்துவிட்டது. இங்கேயாவது எனக்கு ஏரி இருந்தது.

“முடியாதும்மா” என்றேன். “எங்களுக்கு இங்கதான் பொழப்பு. அவரையும் தனியா வுட மாட்டேன்.”

கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏதாவது குத்தலாகவாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். “சரி” என்றாள். எழுந்திருக்கக் கையை நீட்டினாள். நான் பிடித்துத் தூக்கிவிட்டேன். கை நல்ல கனம், உள்ளங்கை கரகரவென்று இருந்தது. நான் சொன்னது தப்பு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மெட்ராஸ் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர அவர்தான் போனார். விடிந்ததும் கிளம்பினார். எனக்கு அன்று ஏரிக்குப் போக மனசில்லை. போனவர் அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? அவள் மறுபடி ஒரு வார்த்தை, இந்த முறை அவரிடமே கேட்டுவிட்டால்? மத்தியானம் வந்த பஸ்ஸில் அவர் இல்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. அடுப்பு மூட்டுவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த பஸ்ஸில்தான் இறங்கினார். பொன்னேரிக்கு வந்த ரயில் வழியில் மீஞ்சூரில் நின்றுவிட்டதாம். அவர் தலை தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்த் தட்டை எடுத்து வைத்தேன்.

தட்டின் முன் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

“புது டிரைவர் வெச்சிக்கிறாங்க” என்றார். “மருமவன் பாத்து வெச்ச ஆளு. கதவத் தொறந்தான், குந்தினான், சாவியப் போட்டான். டயரு பக்கம் திரும்பியே பாக்கல.”

“பாயம்மா இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் திட்டல. எறங்கச் சொன்னாங்க. முட்டி வலியோட குனிஞ்சு ஒவ்வொரு டயரா அவனுக்குக் காட்டினாங்க. எனக்குக் காட்டின மாதிரியே. அதே வார்த்த. அவன் ஏதோ கேட்டான். சிரிச்சாங்க.” தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “அவன் மூஞ்சியும் முடியும். பேண்ட்டு போட்டுக்கினு வந்துட்டா டிரைவரா? ஜாக்கி எங்க வெக்கறதுன்னு தெரியாது அந்தத் தறுதலைக்கு.”

அவர் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மூக்கு விடைத்து, கண் எங்கோ நிலைத்திருந்தது. எனக்கு அது புது விஷயமா என்ன? அதே முகத்தோடுதான் நானும் அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருந்தேன். அதற்கு என்ன மருந்து என்றும் எனக்குத் தெரியும். யாரும் எனக்குக் கொடுக்காத மருந்து.

“அவன் கெடக்கறான் வுடுய்யா” என்றேன். “நட்டு முடுக்கத் தெரியுமா அவனுக்கு?”

“எங்க தெரியும்? வட்டமா முடுக்குவான், பாரு.”

“முடுக்கட்டும். சக்கரம் கழண்டு ஓடும்போது தெரியும்.”

“பாயம்மா உள்ள இருப்பாங்களே, மே.”

“அவங்க இல்லாதப்போ கழலட்டும்.”

அவர் லேசாகச் சிரித்தார். சோற்றைப் பிசைந்தார். நாங்கள் இரண்டு பேரும் முகம் தெரியாத அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினோம். அவன் நடையை, அவன் பேண்ட்டை, அவன் பேசிய மெட்ராஸ் பேச்சை எல்லாம் திட்டினோம். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அவர் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் திரும்பி வந்துவிட்டார், என் வீட்டில் உட்கார்ந்து என் கையால் சாப்பிடுகிறார், ஜெயித்தது நான்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் குழம்பை ஊற்றும்போது மனசுக்குள் ஒன்று உறுத்தியது, இன்று வரைக்கும் அது போகவில்லை. நான் இறால் விற்கப் போகிற ஏலக் கூடத்தில் என்னோடு சிரித்துப் பேசின ஆண்கள் எத்தனை பேர், பஸ்ஸில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் ஒருவனைக்கூட இந்த மனுஷன் இப்படித் திட்டியதில்லை.